ஸ்காட்லாந்து லீக்குகளில் டிஃபெண்டராக ஒரு வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்து கால்பந்து என்றதும் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதிலும் கோல் அடித்தவர்களைப் பற்றித்தான் பேச்சு. பின்னால் நின்று தடுப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எத்தனை காலம் ஆடுகிறார்கள், ஆடி முடித்தபின் என்ன ஆகிறார்கள் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் நல்ல டிஃபெண்டர்களில் பலரை உருவாக்கியவை பெரிய கிளப்புகளின் அகாடமிகள் அல்ல. சில நூறு பேர் மட்டும் பார்க்க வரும் கீழ்ப் பிரிவு மைதானங்கள்தான். கீழே உள்ள பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

ஸ்காட்லாந்தில் எத்தனை லீக்குகள்?

நான்கு. 2013-ல் பழைய இரண்டு அமைப்புகள் இணைந்து ஸ்காட்டிஷ் புரொஃபெஷனல் ஃபுட்பால் லீக் உருவானது. மொத்தம் 42 கிளப்புகள். மேலே பிரீமியர்ஷிப்பில் 12. அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஒவ்வொன்றிலும் 10. அதற்கும் கீழே ஹைலேண்ட் லீக், லோலேண்ட் லீக் போன்றவை. 2014–15 சீசனிலிருந்து அங்கிருந்தும் பிளே-ஆஃப் (சீசன் முடிவில் இடத்துக்காக நடக்கும் கூடுதல் ஆட்டங்கள்) வழியாக மேலே ஏற முடிகிறது.

டிஃபெண்டருக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. கீழ் மூன்று பிரிவுகளில் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளோடு நான்கு முறை மோதும், ஆக 36 ஆட்டம். பிரீமியர்ஷிப்பில் 33 ஆட்டம் முடிந்ததும் பட்டியலை இரண்டாகப் பிரித்து, மேல் ஆறும் கீழ் ஆறும் தங்களுக்குள் இன்னும் ஐந்து ஆடும். அதாவது ஒரே ஸ்ட்ரைக்கரை ஒரு வருடத்தில் மூன்று நான்கு முறை எதிர்கொள்ள வேண்டும், கோப்பைப் போட்டியில் மாட்டினால் ஐந்தாவது முறையும். ஆகஸ்டில் உங்களை ஏமாற்றிய தந்திரத்தோடு அவர் டிசம்பரில் மறுபடி வருவார். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறீர்கள் என்பது அதற்குள் அவருக்கும் தெரிந்திருக்கும்.

சின்ன வயதிலிருந்தே டிஃபெண்டராகத்தான் வளர்க்கிறார்களா?

எப்போதும் இல்லை. ஸ்காட்லாந்தின் மிகச் சிறந்த சென்டர் பேக்குகளில், அதாவது பின்வரிசை நடுவில் நிற்பவர்களில், சிலர் கோல் அடிக்க வந்தவர்கள். அபர்டீனின் வில்லி மில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். இளைஞராக இருந்தபோது அவரை அனுபவத்துக்காக பீட்டர்ஹெட் கிளப்புக்கு அனுப்பினார்கள். அன்று அது ஹைலேண்ட் லீக்கில் இருந்தது, அங்கே அவர் ஸ்ட்ரைக்கராக கோல் குவித்தார். அபர்டீனுக்குத் திரும்பியபின் பின்வரிசைக்கு மாற்றப்பட்டார், அப்புறம் 1990 வரை அங்கேயே இருந்தார். டண்டீ யுனைடெட்டின் பால் ஹெகார்ட்டியும் ஹாமில்டனிலிருந்து முன்வரிசை ஆட்டக்காரராக வாங்கப்பட்டவர்தான். மேனேஜர் ஜிம் மெக்லீன் அவரைச் சென்டர் பேக்காக மாற்றினார்.

இப்போது கிளப்புகளுக்கு அகாடமிகள் இருக்கின்றன. நாட்டின் கால்பந்துச் சங்கமான ஸ்காட்டிஷ் எஃப்.ஏ. 2012-ல் பள்ளிகளோடு சேர்ந்து, படிப்போடு கால்பந்துப் பயிற்சியும் தரும் ஏழு செயல்திறன் பள்ளிகளையும் தொடங்கியது. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு சென்டர் பேக்குக்குப் பயிற்சியைவிட அவசியம் பெரியவர்களோடு ஆடுவது. அதனால்தான் லோன். பிரீமியர்ஷிப் கிளப் ஒரு பையனை லீக் ஒன்னுக்கோ லீக் டூவுக்கோ அரை சீசன் அனுப்பும். அங்கே முப்பத்து மூன்று வயது ஸ்ட்ரைக்கர் முழங்கையையும் இடுப்பையும் வைத்து இடம் பிடிப்பதை அவன் உடம்பால் கற்றுக்கொள்வான். செயின்ட் ஜான்ஸ்டனின் கேப்டனாக ஒரே சீசனில் இரண்டு கோப்பைகளைத் தூக்கிய ஜேசன் கெர் இப்படி ஈஸ்ட் ஃபைஃபுக்கும் குயின் ஆஃப் தி சவுத்துக்கும் லோனில் போய் வந்தவர்.

ஆண்டி ராபர்ட்சன் உண்மையிலேயே சம்பளமில்லாமல் ஆடினாரா?

ஆமாம். இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளாஸ்கோவில் பிறந்த ராபர்ட்சன் செல்டிக்கின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர். பதினைந்து வயதில், உடல் சிறியதாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த இடம் குயின்ஸ் பார்க். 1867-ல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப் அது. 2019-ல் உறுப்பினர்கள் வாக்களித்து மாற்றும்வரை அது அமெச்சூர் கிளப்பாகவே இருந்தது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவர்கள் ஆடியது ஹாம்ப்டன் பார்க்கில். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட தேசிய மைதானத்தில் சில நூறு பேர் உட்கார்ந்திருக்க, பந்தை உதைக்கும் சத்தமும் கோல்கீப்பரின் அதட்டலும் காலி இருக்கைகளில் பட்டு எதிரொலிக்க, நான்காம் பிரிவு ஆட்டம் நடக்கும்.

2012 ஆகஸ்டில், பதினெட்டு வயதில், கையில் காசில்லாத வாழ்க்கை சலிப்பாக இருக்கிறது, வேலை வேண்டும் என்ற பொருளில் ராபர்ட்சன் ட்விட்டரில் எழுதினார். அந்தப் பதிவு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே ஹாம்ப்டனில் டிக்கெட் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் வேலையும் பார்த்தார். தான் ஆடும் மைதானத்தில், மற்றவர்கள் ஆடும் ஆட்டங்களுக்கு டிக்கெட்.

அந்த 2012–13 சீசனில் ஒரு விசேஷம் உண்டு. நிதி நெருக்கடியில் சரிந்த ரேஞ்சர்ஸ் நான்காம் பிரிவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அதனால் குயின்ஸ் பார்க்கும் ரேஞ்சர்ஸும் ஒரே பிரிவில் ஆடின. ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸில் அந்தப் பிரிவு ஆட்டங்களுக்கே ஐம்பதாயிரத்தை ஒட்டிக் கூட்டம் வந்தது.

ஒரே சீசன். 2013-ல் டண்டீ யுனைடெட், அங்கே 2013–14-ன் சிறந்த இளம் வீரர் விருது, 2014-ல் ஹல் சிட்டி, 2017-ல் லிவர்பூல். 2018 முதல் ஸ்காட்லாந்து கேப்டன், 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் இங்கிலீஷ் பிரீமியர் லீக். ஹாம்ப்டனில் 2025 நவம்பரில் டென்மார்க்கை 4–2 என்று வென்று, 1998-க்குப் பிறகு முதல்முறையாக ஸ்காட்லாந்து ஆண்கள் அணி உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றபோதும் அவர்தான் கேப்டன்.

இதை அதிர்ஷ்டக் கதை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செல்டிக் அகாடமியிலேயே இருந்திருந்தால் பதினெட்டு வயதில் அவர் இளையோர் ஆட்டங்களில்தான் இருந்திருப்பார். குயின்ஸ் பார்க் அவருக்கு வாராவாரம் பெரியவர்களின் ஆட்டத்தைக் கொடுத்தது. அவர் ஆடும் லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையின் இடது ஓரம், தவறு செய்து, அடுத்த சனிக்கிழமையே அதைத் திருத்திக் கற்கும் இடம்.

பார்ட்-டைம் ஆட்டக்காரர் என்றால் என்ன? வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி?

லீக் ஒன், லீக் டூவில் பெரும்பாலானவர்கள் பார்ட்-டைம். பகலில் வேறு வேலை. பிளம்பர், ஆசிரியர், எலெக்ட்ரீஷியன், அலுவலக ஊழியர் என்று எல்லா வகையும் உண்டு. பயிற்சி பொதுவாகச் செவ்வாய், வியாழன் மாலை. சனிக்கிழமை ஆட்டம். பீட்டர்ஹெட் நாட்டின் வடகிழக்கு முனையில், ஸ்ட்ரான்ரேர் தென்மேற்கு முனையில். இந்த இரண்டும் ஒரே பிரிவில் இருந்த வருடங்கள் உண்டு. விடியற்காலையில் பஸ் ஏறி, ஆடி, நள்ளிரவில் வீடு திரும்பி, திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்ட அணி எவ்வளவு தூரம் போக முடியும்? 2021–22-ல் ஆர்ப்ரோத் பதில் சொன்னது. டிக் கேம்ப்பெல் மேனேஜராக இருந்த அந்த பார்ட்-டைம் அணி முழுநேர அணிகளைத் தாண்டி சாம்பியன்ஷிப்பில் கில்மார்னக்கிற்கு அடுத்ததாக இரண்டாம் இடம் பிடித்தது. பிளே-ஆஃபில் இன்வெர்னஸிடம் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றதால் பிரீமியர்ஷிப் கைநழுவியது.

ஆர்ப்ரோத்தின் கேஃபீல்ட் மைதானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலை ஒட்டியே இருக்கிறது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வடகடல். காற்றை எதிர்த்து ஆடும் பாதியில் கோல்கீப்பர் உயர உதைக்கும் பந்து நடுக்கோட்டைத் தொடாமல் வானத்தில் நின்று, பின்னோக்கி வரும். சென்டர் பேக் முன்னால் ஓடி, நின்று, மறுபடி பின்னால் ஓடி, கடைசியில் தன் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குப் பக்கத்திலேயே தலை கொடுக்க வேண்டியிருக்கும். காற்று பின்னாலிருந்து அடிக்கும் பாதியில் வேறு தொல்லை. நீங்கள் தள்ளும் நீளப் பந்தெல்லாம் எதிரணி கோல்கீப்பரிடம் போய்ச் சேரும். அங்கே நன்றாக ஆடும் டிஃபெண்டர்கள் பந்தைத் தாழ்வாக, பக்கவாட்டில் வெளியேற்றுவார்கள். பந்தைத் தரையில் குதிக்கவிடவே மாட்டார்கள். குதித்தால் காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று யாருக்கும் தெரியாது.

படித்துக்கொண்டே ஆடியவர்களும் உண்டு. டண்டீ யுனைடெட்டின் லெஃப்ட் பேக் மாரிஸ் மல்பாஸ் தன் ஆட்ட வாழ்க்கையின் தொடக்கத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் ஸ்காட்லாந்துக்கு 55 முறை ஆடினார்.

சம்பளம் எப்படி?

மேலும் கீழும் பெரிய இடைவெளி. செல்டிக், ரேஞ்சர்ஸ் ஒரு தளம். மற்ற பிரீமியர்ஷிப் கிளப்புகள் அதற்கு வெகு கீழே. பார்ட்-டைம் கிளப்புகளில் வேலைச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல் வருமானம்தான். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம். மே மாதம் வந்தால் பல டிஃபெண்டர்களுக்கு அடுத்த சீசன் எந்த ஊரில் என்று தெரியாது. குழந்தையின் பள்ளி, வீட்டு வாடகை, மனைவியின் வேலை எல்லாம் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கும். டிஃபெண்டர் ஒருவர் பத்து வருடத்தில் ஆறு ஏழு கிளப் மாறினால் அதை நிலையில்லாத தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தம் அப்படி.

டிஃபெண்டரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள்? வெறும் உடல் பலமா?

உடல் பலம் வேண்டும்தான், ஆனால் அது பாதி. ஸ்காட்லாந்து ஆட்டம் வேகமானது. பந்து அடிக்கடி காற்றில் போகும், அடிக்கடி கைமாறும். முதல் ஹெட்டரை (தலையால் அடிப்பதை) வெல்வதைவிட, அதன்பின் பந்து எங்கே விழும் என்று படிப்பது கடினம். நல்ல ஜோடிகளில் ஒருவர் எழும்பிக் குதிக்கும்போதே இன்னொருவர் மூன்று நான்கு கஜம் பின்னால் நகர்ந்திருப்பார். மில்லரும் அலெக்ஸ் மெக்லீஷும் இதற்குச் சிறந்த உதாரணம். மெக்லீஷ் உயரப் பந்துக்குப் போவார், மில்லர் சிந்தியதைத் துடைப்பார். மில்லர் உயரத்தாலோ வேகத்தாலோ பெயர் வாங்கியவர் அல்ல. டேக்கிள் போடும், அதாவது எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும், நேரத்தைக் கணிப்பதில் அவருக்கு நிகராக நான் பார்த்த பழைய ஆட்டங்களில் யாரும் இல்லை.

மைதானமும் மாறும். சில கிளப்புகளில் செயற்கைப் புல், சில இடங்களில் ஜனவரியில் சேறு. செயற்கைப் புல்லில் பந்து வேகமாக வழுக்கி ஓடும், உடல் மூட்டுகள் வேறு மாதிரி வலிக்கும். பிரீமியர்ஷிப்பில் 2026–27 முதல் அது கூடாது என்று கிளப்புகள் 2024-ல் வாக்களித்தன.

பெரிய கிளப்புக்குப் போகாமல் பெரிய பெயர் எடுக்க முடியுமா?

1983 மே மாதத்தைப் பாருங்கள். 11-ஆம் தேதி கோத்தன்பர்க்கில் மழையில், அபர்டீன் ரியல் மாட்ரிட்டைக் கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்று ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையை எடுத்தது. மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன், கேப்டன் மில்லர், பக்கத்தில் மெக்லீஷ். மூன்று நாள் கழித்து டண்டீ யுனைடெட், பக்கத்துத் தெரு எதிரியான டண்டீயின் மைதானத்திலேயே ஆடி ஸ்காட்லாந்து சாம்பியன் ஆனது. அங்கே சென்டரில் ஹெகார்ட்டியும் டேவிட் நேரியும். நேரி முந்தைய வருடம் உலகக்கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோல் அடித்தவர். அந்த ஆட்டம் 4–1 என்று தோல்வியில் முடிந்தாலும் அந்த கோலை ஸ்காட்லாந்து மறக்கவில்லை.

அந்த மூன்று நாளில் கிளாஸ்கோவின் செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. வடகிழக்கின் இரண்டு ஊர்கள், இரண்டு சென்டர் பேக் ஜோடிகள். அந்த நால்வரில் இருவர் முன்வரிசையிலிருந்து மாற்றப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டிஃபெண்டர்கள் கோல் அடிப்பது அபூர்வம்தானே?

எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஸ்காட்லாந்தில் கோப்பை இறுதி ஆட்டங்கள் டிஃபெண்டர்களின் தலையில் தீர்மானமான கதைகள் வியக்க வைக்கும் அளவுக்கு உண்டு.

1965-ல் செல்டிக் பல வருடம் பெரிய கோப்பை எதுவும் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் டன்ஃபர்ம்லைனோடு 2–2. கடைசி நிமிடங்களில் ஒரு கார்னர். கேப்டன் பில்லி மெக்நீல் எழும்பித் தலையால் அடித்தார், 3–2. ஜாக் ஸ்டீன் மேனேஜராக வந்த சில வாரங்களில் நடந்தது இது. அங்கிருந்து இரண்டே வருடத்தில் லிஸ்பனில் ஐரோப்பிய கோப்பை. அந்த இறுதி ஆட்டத்தில் சமன் செய்த கோலை அடித்தவரும் டிஃபெண்டர்தான், டாமி கெம்மெல்.

2014-ல் செயின்ட் ஜான்ஸ்டன் தன் 130 வருட வரலாற்றில் முதல்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றபோது முதல் கோல் சென்டர் பேக் ஸ்டீவன் ஆண்டர்சனின் ஹெட்டர். அன்று எதிரணியில் தோற்று நின்றவர்களில் டண்டீ யுனைடெட்டின் இளம் ராபர்ட்சனும் ஒருவர்.

2016-ல் ஹிபர்னியன். 114 வருடமாக அந்தக் கோப்பை அவர்களுக்குக் கிட்டவில்லை. அதைச் சொல்லியே எடின்பரோவில் மூன்று தலைமுறைகளைக் கேலி செய்திருக்கிறார்கள். ரேஞ்சர்ஸோடு 2–2, கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, கார்னர் வருகிறது. ரைட் பேக்கும் கேப்டனுமான டேவிட் கிரே ஓடிவந்து தலையால் உள்ளே அனுப்பினார். கிரே பின்னாளில் அதே கிளப்பின் மேனேஜர் ஆனார்.

2021-ல் ஷான் ரூனி. குயின்ஸ் பார்க்கில் ஆடிய இன்னொருவர். செயின்ட் ஜான்ஸ்டனுக்காக பிப்ரவரியில் லீக் கப் இறுதியில் ஒரே கோல், ஹெட்டர். மே மாதம் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் மறுபடி ஒரே கோல், மறுபடி ஹெட்டர். இரண்டும் கோவிட் கட்டுப்பாட்டால் ரசிகர் இல்லாத ஹாம்ப்டனில். செயின்ட் ஜான்ஸ்டனின் சொந்த ஊரான சிறிய பெர்த் தன் வரலாற்றின் மிகப் பெரிய இரண்டு நாட்களைத் தொலைக்காட்சியில் பார்த்தது.

எந்த வயது வரை ஆடலாம்?

வேகத்தை நம்பிய ஃபுல் பேக்குக்கு (பின்வரிசையின் ஓரத்தில் ஆடுபவருக்கு) கால் முன்னதாகவே சொல்லிவிடும். சென்டர் பேக்குக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தால் முப்பத்தைந்தைத் தாண்டலாம்.

சாண்டி ஜார்டின் ரேஞ்சர்ஸில் ஃபுல் பேக்காகப் புகழ் பெற்று, பிறகு ஹார்ட்ஸுக்கு வந்து பின்வரிசை நடுவில் ஆடினார். 1986-ல், 37 வயதில், கால்பந்து எழுத்தாளர்களின் சிறந்த வீரர் விருது இரண்டாவது முறையாகக் கிடைத்தது. அதே சீசனில் கடைசி நாள் ஆட்டத்தில் டண்டீயிடம் தோற்று ஹார்ட்ஸ் பட்டத்தை இழந்தது.

டேவிட் வியர் இன்னும் வித்தியாசம். அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து ஆடி, 22 வயதுக்குப் பிறகே ஃபால்கர்க்கில் தொழில்முறை வாழ்க்கையைத் தொடங்கினார். ஹார்ட்ஸ், எவர்ட்டன் எல்லாம் முடிந்து 36 வயதில் ரேஞ்சர்ஸ் வந்தபோது கொஞ்ச நாள் ஒப்பேற்றத்தான் என்று பலர் நினைத்தார்கள். 2009, 2010, 2011 என்று மூன்று லீக் பட்டங்கள் வென்றார். 40 வயதில் ஸ்காட்லாந்துக்கு ஆடினார். எழுத்தாளர்களின் விருது 2010-ல் அவருக்குத்தான். சொல்லப்போனால் 2009 முதல் 2012 வரை அந்த விருது நான்கு முறையும் பின்வரிசைக்கே போனது: கேரி கால்டுவெல், வியர், எமிலியோ இசகிர்ரே, சார்லி மல்க்ரூ.

காயம் வந்தால் வாழ்க்கை முடிந்துவிடுமா?

டேனி மெக்ரெய்னைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது. செல்டிக்கின் ஃபுல் பேக். 1972-ல் மண்டை ஓட்டில் முறிவு. 1974 உலகக்கோப்பை முடிந்து வந்ததும் நீரிழிவு என்று தெரிந்தது. 1977-ல் பாதத்தில் காயம், அடுத்த உலகக்கோப்பை போயிற்று. இவ்வளவுக்கும் பிறகு திரும்பி வந்து, 1982 உலகக்கோப்பைக்குப் போய், மொத்தம் 62 முறை நாட்டுக்கு ஆடினார். இன்சுலின் ஊசியோடு உலகத்தரமான ஃபுல் பேக்காக இருந்த மனிதர் அவர்.

நம் காலத்தில் ஜான் சவுட்டர். குதிகால் தசைநார் ஒருமுறை அறுந்தாலே பலர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறுந்தது. 2021 நவம்பரில் மூன்று வருடத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்து ஜெர்சியில் இறங்கி, டென்மார்க்குக்கு எதிராக முதல் கோலைத் தலையால் அடித்தார். அவர் தம்பி ஹாரியும் சென்டர் பேக், டண்டீ யுனைடெட்டில் தொடங்கி ஆஸ்திரேலியாவுக்கு ஆடுகிறார்.

ஹெட்டர் அடிப்பதால் மூளைக்கு ஆபத்து என்கிறார்களே?

இதைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது டிஃபெண்டர்களை மற்றவர்களைவிட அதிகம் தொடும் விஷயம்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, ஸ்காட்லாந்தில் தொழில்முறையாக ஆடிய 7,676 பேரின் மருத்துவப் பதிவுகளைப் பொதுமக்களில் சுமார் 23,000 பேரோடு ஒப்பிட்டது. 2019-ல் வெளியான முடிவு: மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு முன்னாள் வீரர்களுக்கு மூன்றரை மடங்கு அதிகம். 2021-ல் ஆட்ட இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கோல்கீப்பர்களின் நிலை பொதுமக்களைப் போலவே இருந்தது. டிஃபெண்டர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. எவ்வளவு அதிகம் தலை கொடுக்கிறாரோ அவ்வளவு ஆபத்து என்ற சந்தேகத்துக்கு இது பெரிய வலு சேர்த்தது.

மெக்நீல் தன் கடைசி ஆண்டுகளில் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார். 2019-ல் இறந்தார். செயின்ட் மிர்ரனில் தொடங்கி, 1977-ல் வெம்ப்ளியில் இங்கிலாந்துக்கு எதிராக அந்த அழகான ஹெட்டரை அடித்த கோர்டன் மெக்வீனுக்கும் அதே நோய்தான் வந்தது. 2023-ல் போய்விட்டார். நாம் கொண்டாடுகிற அதே தலைகள்தான் இவை. மேலே கோப்பை இறுதி ஹெட்டர்களை ஆசையோடு எழுதியவனாகவே இதையும் எழுதுகிறேன்.

பயிற்சியில் மாற்றம் வந்திருக்கிறது. 2020-ல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் ஹெட்டர் கூடாது என்று ஸ்காட்டிஷ் எஃப்.ஏ. வழிகாட்டியது. 2022-ல் பெரியவர்களுக்கும், ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் ஹெட்டர் பயிற்சி வேண்டாம், வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்றது. பழைய வீரர்களின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இன்னும் நியாயமான பதில் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், அவர்களின் தலையால் கோப்பை வென்ற விளையாட்டுத்தான் ஏற்க வேண்டும்.

வெளிநாட்டு டிஃபெண்டர்கள் ஏன் அங்கே போகிறார்கள்?

நல்ல படிக்கட்டு. வர்ஜில் வான் டைக் 2013-ல் ஹாலந்தின் க்ரோனிங்கனிலிருந்து செல்டிக் வந்தார், 2015-ல் சவுத்தாம்ப்டன், 2018 ஜனவரியில் 75 மில்லியன் பவுண்டுக்கு லிவர்பூல். செல்டிக்கில் அவருக்கு உள்நாட்டில் பெரும்பாலும் பந்து தன் அணியிடமே இருக்கும் ஆட்டம், ஐரோப்பாவில் அதற்கு நேர்மாறான ஆட்டம். இரண்டையும் ஒரே சீசனில் கற்கலாம்.

இந்தியர்கள் யாராவது ஆடியிருக்கிறார்களா?

டிஃபெண்டராக அல்ல, ஆனால் ஆடியிருக்கிறார்கள். கல்கத்தாவின் முகமது சலீம் 1936-ல் செல்டிக்கின் ரிசர்வ் அணிக்கு, காலில் கட்டுப்போட்டுக்கொண்டு பூட்ஸ் இல்லாமல் விங்கில் ஆடினார். மணிப்பூரின் பாலா தேவி 2020-ல் ரேஞ்சர்ஸ் பெண்கள் அணியில் ஸ்ட்ரைக்கராகச் சேர்ந்தார்.

ஆனால் வெள்ளையர் அல்லாத டிஃபெண்டர் ஒருவரின் கதையை இங்கே விட்டுவிட முடியாது. ஆண்ட்ரூ வாட்சன். இன்றைய கயானாவில் பிறந்தவர், குயின்ஸ் பார்க்கின் ஃபுல் பேக். 1881-ல் லண்டனில் இங்கிலாந்தை 6–1 என்று ஸ்காட்லாந்து தோற்கடித்தபோது அவர்தான் கேப்டன். உலகின் முதல் கறுப்பினச் சர்வதேச கால்பந்து வீரர். மூன்று ஆட்டம் ஆடினார், மூன்றிலும் பெரிய வெற்றி. அதன்பின் பல பத்தாண்டுகள் அவர் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பது ஸ்காட்லாந்து கால்பந்து வரலாற்றின் பெரிய குறை.

பெண்கள் லீக்கில் டிஃபெண்டர்களின் நிலை?

நீண்ட காலம் வேலையோடு சேர்ந்த ஆட்டம்தான். கிளாஸ்கோ சிட்டி 14 வருடம் தொடர்ந்து சாம்பியனாக இருந்த காலத்தில் அந்த அணியில் ஆடிய சென்டர் பேக் ரேச்சல் கோர்சி, அக்கவுண்டன்டாகவும் வேலை பார்த்தார். பின்னர் ஸ்காட்லாந்து கேப்டனாகி, 150 ஆட்டங்களைத் தாண்டினார். இப்போது முழுநேர ஒப்பந்தங்கள் கூடியிருக்கின்றன, ஆனால் எல்லாக் கிளப்பிலும் இல்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறேன். எதைக் கவனிக்கலாம்?

சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பந்தை விட்டுவிட்டு பத்து நிமிடம் ஒரே ஒரு சென்டர் பேக்கை மட்டும் பாருங்கள். பந்து மறுபுறம் இருக்கும்போது அவர் தோளைத் திருப்பி எத்தனை முறை பின்னால் பார்க்கிறார், பக்கத்து ஆளை எப்போது கத்திக் கூப்பிடுகிறார், கார்னரின்போது யாருடைய ஜெர்சிக்கு அருகில் போய் நிற்கிறார் என்று. அப்புறம் மே மாதப் பிளே-ஆஃப்களைத் தவறவிடாதீர்கள். பிரீமியர்ஷிப்பில் 11-ஆம் இடத்துக்கு வந்த அணியும் கீழிருந்து முட்டி மோதி வந்த அணியும் இரண்டு ஆட்டங்களில் மோதும். அந்த வருடம் முழுக்க யார் பெயரும் தெரியாமல் ஆடிய டிஃபெண்டர்களை நீங்கள் அங்கேதான் பார்ப்பீர்கள்.